பிரைவேட் ஜன்னலும் பதினாலாவது கேள்வியும்

இனிமேல் என்னைப் பற்றி உலகத்தில் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியக்கூடாது. இப்படி ஒரு முடிவை நான் எடுத்தது ரெண்டாயிரத்துப் பதிமூன்று ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் விளக்கும்போது. அதுவரைக்கும் உலகம் என்னைப் பற்றிப் பெரிசாக எதையோ தெரிந்து வைத்திருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். போர்ட் பிளேரில் ஒரு அரசாங்க ஆபீஸில் கிளார்க். சொந்த ஊர் மதுரைக்குப் பக்கத்தில் திருமங்கலம். போர்ட் பிளேரிலேயே ஜங்லிகாட் என்கிற பகுதியில் வாடகை வீடு. பெயர் சொக்கலிங்கம். அதையும் ரேஷன் கார்டில் தப்பாகத்தான் அடித்திருந்தார்கள்.

இதைக் கிளப்பிவிட்டவன் ஈஸ்வரன். ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேஜை. ஊரில் யாருக்கு என்ன வியாதி வரப்போகிறது என்று அந்த ஆளுக்கு முன்னாலேயே சொல்லிக் கலங்க வைப்பது அவன் பொழுதுபோக்கு.

"சொக்கு, வீட்டுல நெட் பாக்குறியா?"

"பாக்குறேன்."

"எதுல?"

"லேப்டாப்புல."

"அது தெரியும்யா. எந்த பிரவுசர்ல?"

"அது இருக்குமே. வட்டமா."

"எல்லாமே வட்டமாத்தான்யா இருக்கு. உனக்கு ஒண்ணு தெரியுமா? நீ எதைத் தேடுறே, எத்தனை மணிக்குத் தேடுறே, எதைப் பாத்து எவ்வளவு நேரம் உக்காந்திருந்தே, எல்லாத்தையும் அது எழுதி வச்சுக்குது. உன் பொண்டாட்டியைவிட அதுக்கு உன்னை நல்லாத் தெரியும்."

அன்று அதற்கப்புறம் நான் ஒரு ஃபைலையும் தொடவில்லை. காரணம் இருந்தது. இதுவரை யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். எனக்குக் கடல் என்றால் பயம்.

அந்தமானில் குடியிருந்துகொண்டு கடலுக்குப் பயப்படுவதை வெளியே சொல்ல முடியுமா? சுனாமி வந்த அன்று நான் இதே ஜங்லிகாட்டில் பிரம்மச்சாரி. படகுத் துறைப் பக்கமிருந்து தண்ணீர் தெருவில் ஏறியதைப் பார்த்தேன். முட்டிவரை நனைந்தது, அவ்வளவுதான். ஒரு லுங்கி போனது. ஆனால் அன்றிலிருந்து பூமி லேசாக ஆடினால்கூட எனக்கு நெஞ்சு அடைக்கும். இங்கே பூமி மாதத்துக்கு இரண்டு தரமாவது ஆடும். செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டே தூங்குகிற ஒரே கிளார்க் நான்தான்.

சரி, பொண்டாட்டியிடம் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். அதில்தான் சிக்கல். நீலாவதி நிக்கோபார் பக்கம் கச்சால் தீவுக்காரி. அவளுடைய அப்பா பொன்னுத்துரை இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து, கச்சால் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினவர். சுனாமியில் அவர்கள் குடும்பம் ரப்பர் மேட்டில் ஏறி நாலு நாள் இளநீர் குடித்து உட்கார்ந்திருந்தது. நீலாவின் அண்ணனும் அண்ணியும் மேட்டுக்கு வந்து சேரவில்லை. அப்படிப்பட்டவள், கல்யாணம் ஆன இந்த ஏழு வருஷத்தில் கடலைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அவளிடம் போய், முட்டி நனைந்த நான், எனக்குப் பயமாக இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தைத்தான் ஒவ்வொரு நாளும் லேப்டாப்பில் கொட்டிக்கொண்டிருந்தேன். 'பூமி ஆடினால் எத்தனை நிமிடத்தில் அலை வரும்.' 'லைஃப் ஜாக்கெட் எவ்வளவு நேரம் மிதக்கும்.' 'மதுரைக்குக் கடல் வருமா.'

ஈஸ்வரன் சொன்ன அன்றே அதன் பலனையும் பார்த்தேன். நீலா அதே லேப்டாப்பில் வடகம் செய்முறை தேடிக்கொண்டிருந்தாள். வடகத்துக்குப் பக்கத்திலேயே ஆரஞ்சு நிறத்தில் ஒரு லைஃப் ஜாக்கெட் விளம்பரம்.

"இது எதுக்குங்க இங்க வருது?"

"நம்ம அட்ரஸைப் பாத்துப் போடுறான். அந்தமான்னா கடல்னு நினைச்சிருப்பான்."

"அச்சா. அப்ப இது?"

அதற்குக் கீழே இன்னொரு விளம்பரம். மதுரை ஒத்தக்கடையில் வீட்டு மனை.

"அது, வந்து, எல்லாருக்கும் போடுறது. நிக்கோபார்காரனுக்குக்கூட ஒத்தக்கடை மனைதான் காட்டுவான்."

நீலா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வடகத்துக்குத் திரும்பினாள்.

அதற்கடுத்த நாள்தான் பல் விளக்கும்போது அந்த முடிவு. லேப்டாப் கேமரா மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். ஒரு பிரவுசரை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டேன். அதன் நிபந்தனைகள் நாற்பத்திரண்டு பக்கம். எங்கள் ஊர் நெட்டில் நாற்பத்திரண்டும் இறங்க இரண்டு நாள் ஆனது. படித்துப் பார்த்ததில், பழையதைவிட இது கொஞ்சம் மரியாதையாகத் திருடும் என்று தெரிந்தது. கடைசியில் ஈஸ்வரன் காலிலேயே விழுந்தேன்.

"பிரைவேட் ஜன்னல்னு ஒண்ணு இருக்கு," என்றான். "கறுப்பாத் திறக்கும். அதுல நீ எதைப் பாத்தாலும் வேற ஒருத்தருக்கும் தெரியாது. மூடின உடனே எல்லாத்தையும் மறந்துடும்."

வேற ஒருத்தருக்கும் தெரியாது என்பது வரை நான் கேட்டேன். அதற்குள் சந்தோஷம் காதை அடைத்துவிட்டது.

இந்த நேரம் பார்த்து எங்கள் இலாகாவில் மெயின்லேண்டுக்கு மாற்றல் கேட்பவர்கள் மனுப் போடலாம் என்று சுற்றறிக்கை வந்தது. மனு நெட்டில்தான். மூன்று வருஷத்துக்கு ஒரு தரம்தான் இந்தக் கதவு திறக்கும். மதுரையில் இரண்டு இடம் காலி. ஆர்டரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, 'என்ன செய்ய நீலா, சர்க்கார் தூக்கி அடிச்சுட்டான்' என்று சொல்லிவிட்டால் பயத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். இதுதான் திட்டம். இதைவிடக் கேவலமான திட்டம் எனக்கு அப்புறம் தோன்றியதில்லை.

அவள் மார்க்கெட்டுக்குப் போன நேரம் கறுப்பு ஜன்னலைத் திறந்தேன். மனு இறங்க ஐம்பத்தைந்து நிமிஷம். பெயர், பதவி, விரும்பும் ஊர். எல்லாம் நன்றாகப் போனது. பதினாலாவது கேள்வியில் நின்றேன். 'மாற்றலுக்கு மனைவியின் அல்லது கணவரின் சம்மதம் பெறப்பட்டதா? ஆம். இல்லை.' சுனாமிக்குப் பிறகு பல பேர் வீட்டில் சொல்லாமல் மாற்றல் வாங்கிக் குடும்பம் இரண்டாகிப் போனதால் சேர்த்த கேள்வி அது. சுட்டியைக் கொண்டுபோய் 'ஆம்' மேல் வைத்து அமுக்கினேன். பெறப்படும் என்கிற அர்த்தத்தில் வைத்துக்கொள்ளலாமே என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். மனு போய்ச் சேர்ந்தது. திரையில் பதிவு எண், அதற்குக் கீழே 'பரிசீலனையில்', அதற்கும் கீழே 'திருத்தம் செய்யக் கடைசி நேரம் 21ஆம் தேதி, வெள்ளி, மாலை ஐந்து மணி'.

இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு நெட் ஆகாயத்தில் சுற்றும் சாட்டிலைட் வழியாக வர வேண்டும். அது வருவதற்குள் சோறு வெந்துவிடும். மழை பெய்தால் அதுவும் வராது. அதனால் ஒரு பக்கம் கஷ்டப்பட்டுத் திறந்துவிட்டால் தீவுக்காரன் ஒருத்தனும் அதை மூட மாட்டான். லேப்டாப்பை மடக்கித் தூங்க வைப்போம், பக்கத்தை மூட மாட்டோம். பக்கத்து வீட்டு அமிர்தவல்லியக்கா பொங்கலுக்குத் திறந்த முறுக்குச் செய்முறையை இன்னும் மூடவில்லை. அப்படியிருக்க, ஐம்பத்தைந்து நிமிஷம் போட்டுத் திறந்த பக்கத்தை நான் மூடுவேனா? தினமும் நிலைமையைப் பார்க்க வேண்டாமா? கீழே இறக்கி வைத்தேன். எங்கள் இலாகாவின் இணையதளம் வேறு ரொம்ப நல்ல மாதிரி. உள்ளே வந்தவரை வெளியே போ என்று சொல்லத் தெரியாது. கறுப்பு ஜன்னல்தானே, திறந்தவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும் என்று நம்பிப் பன்னிரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன்.

அந்தப் பன்னிரண்டு நாளில் வீட்டில் நடந்த பேச்சுகளை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டாள். "உங்களுக்கு ஊர் ஞாபகம் வருதாங்க?"

"எனக்கா? சே. இங்க சூரை மீன் இருக்கும்போது ஊர் எதுக்கு?"

இன்னொரு நாள். "அப்பாவுக்குப் போன் போட்டேன்."

"நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்காரு. உங்களைத்தான் கேட்டாரு. மருமகன் தைரியமா இருக்காரான்னு."

"எனக்கு என்ன, பக்காவா இருக்கேன்."

மூன்றாம் தரம், கொடியில் துணி போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல். "என்கிட்ட ஏதாச்சும் சொல்லணும்னா சொல்லலாம்ங்க. நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன்."

நான் யோசித்தேன். தொண்டை வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது.

"அந்த நீலச் சட்டையில பட்டன் போயிடுச்சு," என்றேன்.

"டீக் ஹை," என்று தீவு இந்தியில் சரி சொன்னாள். அன்றைக்கே பட்டன் தைத்தும் கொடுத்தாள்.

இருபத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை. திருத்தம் செய்கிற நேரம் முடிந்துவிட்டால் அப்புறம் மனுவை யாரும் தொட முடியாது. அந்த சந்தோஷத்தில் அரை நாள் லீவு போட்டு, மார்க்கெட்டில் சூரை மீன் வாங்கிக்கொண்டு நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். நீலா மேஜையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தெரிந்தது லேப்டாப்பின் முதுகும் அவள் முகமும்தான். முகம் வாடியிருந்தது. நெட் சரியில்லை என்று நினைத்தேன்.

"என்ன பாக்குறே?"

"ஒரு ஃபாரம்ங்க. அனுப்பினேன், போகவே மாட்டேங்குது. அரை மணி நேரமா சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கு."

கச்சாலுக்கு அப்பாவைப் பார்க்கப் போகக் கப்பல் விவரம் ஏதோ கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் லேப்டாப்பை என் பக்கம் மெதுவாகத் திருப்பினாள்.

"நீங்களே வந்து ஒரு தரம் பாருங்களேன்."

இந்த இடத்தில் நான் சொன்ன பதிலை என் சமாதியில் எழுதி வைக்கலாம். ஈஸ்வரன் கொடுத்த ஞானம் புதிதாக ஏறியிருந்ததல்லவா?

"வேண்டாம் நீலா. ஒருத்தர் ஸ்கிரீனை இன்னொருத்தர் எட்டிப் பாக்கக் கூடாது. புருஷன் பொண்டாட்டியா இருந்தாலும் பிரைவசி பிரைவசிதான்."

"அப்படியா?"

"அப்படித்தான். இப்பல்லாம் அதுதான் நாகரிகம்."

அவள் லேப்டாப்பைத் தன் பக்கமே திருப்பிக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்.

"அப்ப இதை மூடிடவாங்க?"

"ஐயையோ, மூடாதே. இவ்வளவு நேரம் சுத்தினதை மூடுவாங்களா? பாதியில மூடினா அனுப்பினது எல்லாம் வீண். விடாதே, நான் பாத்துக்கிறேன்."

மீன் பையை வைத்துவிட்டு வேலையில் இறங்கினேன். முதலில் என் போனை வைஃபையிலிருந்து துண்டித்தேன். அடுத்து அமிர்தவல்லியக்கா வீட்டுக்குப் போனேன். அவள் எங்கள் வைஃபையில்தான் விட்டு விட்டு நாடகம் பார்ப்பாள்.

"அக்கா, ஏக் மினிட், நாடகத்தை நிறுத்துங்க. நீலா ஒரு ஃபாரம் அனுப்புறா."

"என்ன ஃபாரம் தம்பி?"

"அது அவ பிரைவேட் விஷயம்க்கா. நான் கேக்கல."

"நல்ல புருஷன்," என்று அக்கா நாடகத்தை நிறுத்தினாள். நான் திரும்பி வந்து மோடத்தைத் தூக்கி ஜன்னல் ஓரத்தில் ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டு வைத்து, விழாமல் கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். வியர்த்துக் கொட்டியது. நாலு ஐம்பத்திரண்டுக்கு நீலா, "போயிடுச்சு," என்றாள்.

"பாத்தியா? நான் இல்லைன்னா போயிருக்குமா?"

"போயிருக்காது," என்றாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு என்கிட்ட ஏதாவது சொல்லணுமாங்க?"

"டீ," என்றேன்.

ஜூலை எட்டாம் தேதி பட்டியல் வந்தது. ஆபீஸில் ஈஸ்வரன்தான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தான். மதுரை போகிற இரண்டு பேரில் நான் இல்லை. நிராகரிக்கப்பட்டவர்களில் மூன்றாவது பெயர் என்னுடையது.

"காரணம் போட்டிருக்கான் சொக்கு. மனைவியின் சம்மதம் இல்லை. பதினாலாவது கேள்விக்கு விண்ணப்பதாரரே 'இல்லை'ன்னு பதிலைத் திருத்தியிருக்கார்னு இருக்கு. இருபத்தொண்ணாம் தேதி, நாலு அம்பத்திரண்டு. ஏன்யா, நீயே போட்டுட்டு நீயே ஏன்யா மாத்தினே?"

நாலு ஐம்பத்திரண்டு. மோடத்தைப் பிடித்த கை அப்போதுதான் வலித்தது.

வீட்டுக்கு ஸ்கூட்டரில் எப்படி வந்தேன் என்று தெரியாது. நீலா பின்வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை அலம்பிக்கொண்டு, ஒரு பலகையை எடுத்துப் போட்டாள்.

"உக்காருங்க. லிஸ்ட் வந்துடுச்சா?"

"எப்படி நீலா? அது பிரைவேட் ஜன்னல்."

"கறுப்பா ஒண்ணு கீழே கிடந்துச்சு. அமுக்கினேன், பெரிசாச்சு. வடகத்தைத் தேடப் போனவளுக்கு அதுதான் வந்துச்சு."

"எப்ப?"

"நீங்க அனுப்பின மறுநாளே."

"அப்பவே தெரியுமா?"

"தெரியும். ஒவ்வொரு நாளும் இன்னைக்குச் சொல்லுவாரு, நாளைக்குச் சொல்லுவாருன்னு பாத்தேன். மத்த கேள்வி எதையும் நான் தொடலங்க. பேரு உங்க பேரு, ஊரு நீங்க கேட்ட ஊரு. அது உங்க இஷ்டம். அந்தப் பதினாலாவது மட்டும் என்னைப் பத்திக் கேட்டிருந்துச்சு. என்கிட்ட கேட்டீங்களா?"

"இல்லை."

"அதைத்தான் போட்டேன்."

சொல்லிவிட்டேன். முட்டி நனைந்தது, லுங்கி போனது, நெஞ்சு அடைப்பது, அண்ணனைப் பறிகொடுத்தவள் முன்னால் இதைச் சொல்லக் கூசியது, எல்லாவற்றையும் மீன் வாசனைக்கு நடுவில் உளறிக் கொட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் முந்தானையை நீட்டினாள்.

"ஏழு வருஷமா செருப்போட தூங்குறவரு. எனக்குத் தெரியாதாங்க? ஒரு தரம் பூமி ஆடினப்ப என்னை விட்டுட்டு வாசல் வரைக்கும் ஓடினீங்க. அப்புறம் திரும்பி வந்து என்னை எழுப்புனீங்க. திரும்பி வந்தாருல்ல, அது போதும்னு அப்பாகிட்டகூடச் சொல்லியிருக்கேன்."

"மாமாவுக்கும் தெரியுமா?"

"கச்சாலுக்கே தெரியும்."

உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது என்று முடிவெடுத்தவன் நான். பிரவுசர் நடத்தும் அமெரிக்காக்காரனிடமிருந்து மறைக்கக் கேமராவுக்குப் பிளாஸ்திரி ஒட்டியவன். அந்த நாற்பத்திரண்டு பக்கத்தைப் படித்த நேரத்தில் இவள் முகத்தை ஒரு தரம் படித்திருக்கலாம். படிக்கவில்லை.

"அப்பாவைக் கேட்டேன்," என்றாள். "போம்மா, அவரு பயந்துக்கிட்டே இங்க கிடக்க ஏலாதுல்ல, மூணு வருஷத்துல திரும்பக் கேட்டு வந்துடலாம்தானே, என்னை நான் பாத்துக்கிறேன்னாரு. நான் ட்ரங்குப் பெட்டியைக்கூட வெயில்ல காய வச்சேன். நீங்க எதுக்குன்னு கேக்கல."

அந்தப் பெட்டி மாடியில் மூன்று நாள் வாய் பிளந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். கரப்பான் பூச்சிக்காக இருக்கும் என்று நினைத்தேன்.

"அப்ப நான் கேட்டிருந்தா?"

"சரின்னு சொல்லியிருப்பேன்."

"கடைசி நாள் கேட்டிருந்தாக்கூடவா?"

"கேட்டிருந்தா போதும்."

"அந்தச் சக்கரம் சுத்திக்கிட்டு இருக்கும்போது?"

நீலா மீன் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அதுக்குத்தானே மூடிடவான்னு உங்களைக் கேட்டேன்," என்றாள். "நீங்கதான் மூடாதேன்னு சொல்லி மோடத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க."